கணவருக்கு எடுத்துச் சொல்லப்பட்டது

மாதத்தில் இரண்டு நாள் என் மனைவி மஞ்சுளா வேலை செய்யும் இடத்தில் துணிக்கட்டுகளுக்கு நடுவே சுருண்டு படுத்துக்கிடப்பாள் என்பது, கல்யாணமாகி ஒன்றரை வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அதையும் அவள் சொல்லவில்லை. பொம்மனஹள்ளியில் அவள் தைக்கும் கார்மெண்ட்ஸ் தொழிற்சாலையில் கங்கம்மா என்று ஒரு சூப்பர்வைசர். அவர் ஒரு நாள் மதியம் மஞ்சுளாவை ஆட்டோவில் அழைத்துவந்து, ஈஜிபுராவில் எங்கள் வாடகை வீட்டு வாசலில் இறக்கினார். அன்று எனக்கு இரவு ஷிப்ட், வீட்டில் இருந்தேன். வலி வந்தால் அவளைப் படுக்கவைத்து, மேனேஜர் கண்ணில் படாமல் மேலே துணியைப் போட்டு மூடிவிடுவார்களாம். "எத்தனை மாசம் மூடறது? நீ படிச்சவன்தானே, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ" என்று கன்னட வாடையடிக்கும் தமிழில் சொல்லிவிட்டு, அதே ஆட்டோவில் திரும்பிப் போனார்.

படிச்சவன் என்பது உண்மைதான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். திருப்பத்தூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து பாலிடெக்னிக் வரை படித்து, ஓசூர் ரோட்டில் ஒரு தொழிற்சாலையில் இயந்திர பாகங்களின் அளவு சரிபார்க்கும் வேலையில் இருக்கிறேன். நோயைப் பற்றி எழுத எனக்குத் தகுதி கிடையாது. நோயாளிக்கும் டாக்டருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு நான் செய்ததைப் பற்றி எழுதத் தகுதி இருக்கிறது. இதே வியாதியோடு ஆஸ்பத்திரிக்கு நடக்கும் வீடுகளில் என்னைப் போன்ற ஓர் ஆள் கட்டாயம் இருப்பான். அவனுக்காக எழுதுகிறேன்.

ஆறு மாதம் நாங்கள் தவறான இடங்களில் அலைந்தோம். ஒருவர் சூட்டு வலி என்றார். ஒருவர் வலி மாத்திரை கொடுத்து, குழந்தை பிறந்தால் சரியாகிவிடும் என்றார். குழந்தை ஏன் இன்னும் பிறக்கவில்லை என்று அவரும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கடைசியில் கங்கம்மாவே விசாரித்து ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னார்.

அங்கே மகளிர் நோய்ப் பிரிவுக்கும் பிரசவப் பிரிவுக்கும் ஒரே காத்திருப்புக் கூடம். ஆண்கள் சுவரோரம் நிற்க வேண்டும். பெஞ்சுகள் முழுக்க வயிற்றைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்கள். மஞ்சுளா அவர்களுக்கு நடுவே கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருப்பாள். பக்கத்துப் பெண் எத்தனாவது மாதம் என்று கேட்டால், "எனக்கு வேற" என்பாள். ஸ்கேனுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு இருக்கச் சொல்வார்கள். மூத்திரப்பை நிறைந்திருந்தால்தான் படம் தெளிவாக விழுமாம். அவள் முறை வருவதற்குள் கரண்ட் போய்விட்டது. கரண்ட் வரும்வரை அவள் கூடத்தில் மேலும் கீழும் நடந்தாள். என்னைக் கடக்கும்போதெல்லாம், "சிரிக்க வெச்சுடாதீங்க" என்றாள். அந்த ஆஸ்பத்திரியில் நாங்கள் சிரித்த ஒரே நாள் அதுதான்.

நோயின் பெயர் எண்டோமெட்ரியோசிஸ். எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். கருப்பையின் உட்சுவரில் மாதாமாதம் வளர்ந்து உதிரும் சதை ஒன்று உண்டு. அதே மாதிரியான சதை கருப்பைக்கு வெளியே, முட்டைப்பை மேலும் குடல் பக்கத்திலும் ஒட்டிக்கொண்டு வளர்வதுதான் இந்த நோய். உள்ளே இருப்பது உதிர்ந்தால் வெளியேற வழி இருக்கிறது. வெளியே இருப்பது உதிர்ந்தால் அந்த ரத்தத்துக்குப் போக்கிடம் இல்லை. அங்கேயே தேங்கி, கறுத்து, கட்டியாகி, உறுப்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடுகிறது. வலி அதனால்தான். பிள்ளை தங்காததற்கும் பெரும்பாலும் அதுதான் காரணமாம். மஞ்சுளாவுக்கு இடது முட்டைப்பையில் எலுமிச்சம்பழ அளவுக்குக் கட்டி இருந்தது.

வயிற்றில் மூன்று சிறு துளை போட்டு, கேமரா விட்டு ஆபரேஷன் செய்தார்கள். இரண்டரை மணி நேரம். டாக்டரம்மா வெளியே வந்து ஒரு கண்ணாடிப் புட்டியைக் காட்டினார். உள்ளே உருகிய சாக்லேட் போலக் கறுப்பாக இருந்தது. பெல்ட் போட்டுச் சட்டையை உள்ளே விட்டிருந்த என்னைப் பார்த்து அவர் ஆங்கிலத்தில் பேசினார். நானும் பெருமையாக ஆங்கிலத்தில் தலையாட்டினேன். மருந்துச் சீட்டின் பின்பக்கம் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். கட்டியை எடுத்தாகிவிட்டது. இடது முட்டைப்பையில் பாதிதான் மிச்சம். வலது நன்றாக இருக்கிறது. ஒட்டியிருந்ததைப் பிரித்துவிட்டோம், ஆனால் கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள் இருக்கலாம். அவற்றைக் காயவைக்க மாதம் ஒன்றாக நான்கு ஊசி. அது முடியும்வரை மாதவிலக்கு நின்றிருக்கும். நோய் திரும்ப வரலாம், எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் ஊசி முடிந்ததும் பிள்ளைக்குத் தள்ளிப்போடாதீர்கள், முதல் வருடம்தான் நல்ல வாய்ப்பு.

மயக்கம் தெளிந்து மஞ்சுளா கேட்ட முதல் கேள்வி, "என்ன சொன்னாங்க?"

"எல்லாத்தையும் சுத்தமா எடுத்துட்டாங்களாம். நாலு ஊசி போட்டா முடிஞ்சுது."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். உதட்டில் பஞ்சை நனைத்து வைத்தேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று பிறகு பல நாள் யோசித்திருக்கிறேன். பொய் சொல்கிறோம் என்ற எண்ணமே வரவில்லை. எங்கள் தெருவுக்கு வரும் கடிதங்களையெல்லாம் ஏழு வயதிலிருந்து நான்தான் படித்துக்காட்டுவேன். கடிதத்தைப் பிரித்ததும் எதிரே நிற்பவர் முகத்தைப் பார்ப்பேன். அந்த முகம் தாங்காது என்று தோன்றும் வரியைத் தாண்டிவிடுவேன். நான் தாண்டியது யாருக்கும் தெரியாது, படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தானே. அந்தப் பழக்கம் கையோடு ஆஸ்பத்திரிக்கும் வந்துவிட்டது.

அம்மாவிடம் இன்னும் பெரிதாகத் தாண்டினேன். ஊர் மளிகைக் கடைக்கு போன் போட்டு அம்மாவை வரச்சொல்லி, மஞ்சுளாவுக்குக் குடல்வால் ஆபரேஷன் என்று சொன்னேன். கருப்பை, முட்டைப்பை என்ற சொற்கள் எங்கள் ஊரில் எப்படிச் சுற்றி வரும் என்று எனக்குத் தெரியும். மஞ்சுளாவிடமும் அப்படியே சொல்லச் சொன்னேன். அவள் என்னைப் பார்த்துவிட்டு, சரி என்றாள்.

ஆஸ்பத்திரியில் நான்கு நாள். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் பெண்கள் வார்டில் ஆண்கள் இருக்கக்கூடாது. கங்கம்மா இரண்டு நாள் லீவு போட்டுத் துணைக்குப் படுத்தார். கொண்டுவந்த ராகிக் கஞ்சியைத் தூக்குச்சட்டியிலிருந்து பக்கத்துக் கட்டில் கிழவிக்கும் ஊற்றிக்கொடுத்தார். என் கையிருப்பும் மஞ்சுளாவின் கம்மலும் பில்லுக்குப் போயின.

ஊசி மருந்தைக் குளிரில் வைக்க வேண்டும். எங்களிடம் பிரிட்ஜ் கிடையாது. தெருமுனையில் இருந்த மலையாளி பேக்கரிக்காரர் எதற்கு என்று கேட்காமல் பால் பாக்கெட்டுகளுக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கினார். ஊசி போடும் நாளன்று பிளாஸ்க்கில் ஐஸ் துண்டுகளைப் போட்டு, அதற்குள் மருந்தை வைத்து, பஸ்ஸில் மடியில் பிடித்துக்கொண்டு போவேன்.

இரண்டாவது ஊசிக்குப் பிறகு மாதவிலக்கு நின்றது. திடீர் திடீரென்று உடம்பு கொதிக்கிறது என்று மஞ்சுளா முகத்தில் தண்ணீர் அடித்துக்கொள்வாள். ஆனால் வலி இல்லை. பதினான்கு வயதுக்குப் பிறகு வலி இல்லாத முதல் மாதம் இதுதான் என்றாள். அவள் நடையே மாறியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி உலர்த்திக்கொண்டே, தொழிற்சாலையில் சூப்பர்வைசர் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள், கங்கம்மா தன் பெயரைச் சொல்லியிருக்கிறார் என்றாள்.

"அதான் சுத்தமா எடுத்துட்டாங்களே. ஒரு ரெண்டு வருஷம் போகட்டுங்க. ட்ரெய்னிங் முடியட்டும், உடம்பும் தேறட்டும். அப்புறம் புள்ளையைப் பாத்துக்கலாம். என்ன சொல்றீங்க?"

மருந்துச் சீட்டின் பின்பக்கம் நான் எழுதியது பர்சில்தான் இருந்தது. முதல் வருடம்தான் நல்ல வாய்ப்பு. அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். அவள் ஈரத்துணியை உதறிக்கொண்டு, பதினான்கு வயதுப் பெண் போல நின்றிருந்தாள். "பாக்கலாம்" என்றேன்.

மூன்றாவது ஊசிக்கு இரண்டு வாரம் முன்பு அம்மா வந்தாள். குடல்வால் அறுத்த மருமகளுக்கு ஒத்தாசைக்கு. எங்கள் வீட்டில் மாதவிலக்கான பெண் மூன்று நாள் அடுப்பங்கரைக்கு வரமாட்டாள், தண்ணீர்க் குடத்தைத் தொடமாட்டாள். ஈஜிபுராவில் ஒற்றை அறை, ஒரு சமையல் தடுப்பு. அம்மா வந்தால் மட்டும் மஞ்சுளா துவைக்கிற கல் பக்கம் பாயைப் போட்டு உட்காருவாள். இந்த முறை அம்மா வந்து ஐந்து வாரம் ஆகியும் பாய் வெளியே போகவில்லை. அம்மா பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். மருமகள் வேர்த்துக்கொட்டுகிறாள், முகம் கழுவுகிறாள், சோறு பாதியில் வேண்டாம் என்கிறாள். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் கண் பட்டுவிடும்.

அன்று நான் ஷிப்ட் முடிந்து சாயங்காலம் ஆறு மணிக்கு வந்தபோது அறையில் மல்லிகை வாசம். மஞ்சுளா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையிலும் முழங்கை வரை பச்சைக் கண்ணாடி வளையல். அம்மா என் வாயில் சர்க்கரையைப் போட்டாள்.

"மாமனுக்கு போன் பண்ணி சொல்லிட்டேன்டா. அம்மனுக்கும் வேண்டிக்கினேன். எத்தினி நாள் மூடி வெப்பீங்க ரெண்டு பேரும்? மாசம் தள்ளிப் போயிருக்கறது எனக்குத் தெரியாதா?"

மஞ்சுளா என்னைப் பார்த்தாள். நீங்களே சொல்லுங்கள் என்ற பார்வை. குடல்வால் கதையைக் கட்டியவன் நான்தான், அவிழ்க்க வேண்டியவனும் நான்தான். வாயில் சர்க்கரை கரைந்துகொண்டிருந்தது. எதிரே அம்மாவின் முகம்.

"இன்னும் உறுதியாகலைம்மா" என்றேன்.

என் வாழ்க்கையில் நான் சொன்ன மிக மோசமான வாக்கியம் அது. மஞ்சுளா எழுந்து நின்றாள். வளையல்கள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து சத்தம் போட்டன.

"அத்தை, தள்ளிப் போகல. ஊசி போட்டு நிறுத்தி வெச்சிருக்காங்க. எனக்குக் குடல்வாலும் இல்ல. முட்டைப்பையில கட்டி, அதைத்தான் எடுத்தாங்க."

அம்மா உட்காரவில்லை, கத்தவில்லை. சர்க்கரை டப்பாவை மூடி அலமாரியில் வைத்தாள். பிறகு என்னிடம், "ஆஸ்பத்திரியில குடுத்த காயிதம் எங்க?" என்று கேட்டாள். பைலை எடுத்துக் கொடுத்தேன். அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு என் கையில் வைத்தாள்.

"படி. ஒரு எழுத்து விடாதே."

டிஸ்சார்ஜ் சம்மரி என்பது ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது என்ன நோய், என்ன செய்தோம், இனி என்ன என்று டாக்டர்கள் எழுதிக்கொடுக்கும் ஒன்றரைப் பக்கத் தாள். நான் நின்றபடியே ஆங்கிலத்தைத் தமிழாக்கிப் படித்தேன். கட்டியின் அளவு. பாதி முட்டைப்பை. ஒட்டியிருந்த குழாயைப் பிரித்தது. அதுவரைக்கும் குரல் வந்தது. அடுத்த வரிக்கு வந்ததும் கண் தானாக அதற்கு அடுத்த வரிக்குப் போனது.

"நிறுத்தினியே, அது இன்னா?" என்றாள் அம்மா. எழுத்து தெரியாத அம்மா என் கண்ணைத்தான் படித்துக்கொண்டிருந்தாள். "எங்கப்பன் சாகக் கிடக்கறப்ப எங்கண்ணன் எழுதின லெட்டரையும் நீதான் படிச்சே. அன்னிக்கும் இப்பிடித்தான் நிறுத்திட்டுப் படிச்சே. நான் போய்ச் சேரக்குள்ள எடுத்துட்டாங்க. பன்னெண்டு வயசுப் புள்ளைன்னு விட்டுட்டேன்."

நான் படித்தேன். "நோய் திரும்ப வர வாய்ப்பு இருக்கிறது. ஊசி முடிந்ததும் கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டாம் என்று அறிவுறுத்தப்பட்டது." அதற்குக் கீழே ஒரே ஒரு வரி இருந்தது. அதையும் படித்தேன். "கணவருக்கு எடுத்துச் சொல்லப்பட்டது."

தெருவில் தண்ணீர் லாரி வந்து பெண்கள் குடத்தோடு ஓடும் சத்தம் கேட்டது. எங்கள் வீட்டிலிருந்து யாரும் போகவில்லை.

"உங்களுக்குச் சொன்னாங்களா?" என்று கேட்டாள் மஞ்சுளா.

"ம்."

"அன்னிக்கேவா?"

"அன்னிக்கேதான்."

"ரெண்டு வருஷம் போகட்டும்னு நான் சொன்னப்ப, துணி காயவெச்சுட்டிருந்தப்ப, அப்பவும் உங்களுக்குத் தெரியும்."

நீ பயந்துவிடுவாய் என்று நினைத்தேன் என்றேன். அவள் வளையல்களைக் கழற்றத் தொடங்கினாள். அம்மா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். "இருக்கட்டும் பொண்ணே. வளையல்தானே." பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு தெருமுனை எஸ்டிடி பூத்துக்குப் போனாள். பின்னாலேயே போய் வெளியே நின்றேன். கண்ணாடிக்குள் அம்மா ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மாமனிடம், "தப்பா சொல்லிட்டேண்ணா. அது இல்ல. அவளுக்கு உடம்பு சரியில்ல. ஊசி போடறாங்க" என்றாள். மாமன் ஏதோ கேட்டிருக்க வேண்டும். "ஆமா, கர்ப்பப்பை வியாதிதான். இன்னா இப்போ?" என்று சொல்லிவிட்டு வைத்தாள். நான் மூன்று மாதம் பயந்த வார்த்தையை அம்மா அரை நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டாள். வெளியே வந்தவள் என்னைப் பார்க்காமல் நடந்தாள்.

மஞ்சுளா என்னோடு ஒன்பது நாள் பேசவில்லை. வேளைக்குச் சோறு வைத்தாள், ஷிப்டுக்கு எழுப்பினாள், பேசவில்லை.

நான்காவது ஊசிக்குப் போன நாள், டாக்டரம்மாவின் அறையில் வழக்கமாக நான் உட்காரும் நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள். நான் ஸ்டூலில். டாக்டரம்மா என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் தொடங்கினார். மஞ்சுளா குறுக்கிட்டு, "மத்தெ பருத்தா, மேடம்?" என்று கேட்டாள். திரும்ப வருமா என்று. ஆறு வருடம் தொழிற்சாலையில் தைத்தவள், கன்னடம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. எனக்குப் பஸ் கண்டக்டரிடம் பேசும் அளவுக்குத்தான் வரும். டாக்டரம்மா ஒரு கணம் வியந்துபோய், இத்தனை நாள் ஏன் பேசவில்லை என்று கேட்டார். அவள் என் பக்கம் கையைக் காட்டினாள். பிறகு இருவரும் இருபது நிமிடம் பேசினார்கள். டாக்டரம்மா ஒரு தாளில் கருப்பையைப் படமாக வரைந்தார். மஞ்சுளா அந்தப் பேனாவை வாங்கி ஓர் இடத்தைச் சுட்டிக் கேட்டாள். எனக்குப் பாதி புரியவில்லை. நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு முறை அவள் கண் கலங்கியது. எதற்கென்று தெரியாமல் நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். இத்தனை மாதம் அவள் அந்த ஸ்டூலில் எப்படி உட்கார்ந்திருந்தாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

பஸ் நிறுத்தத்தில் அவளாகவே சொன்னாள், எதையும் தாண்டாமல். திரும்ப வரலாம், வராமலும் போகலாம். ஒரு வருடம் முயன்று பார்க்க வேண்டும். ஆகவில்லை என்றால் வேறு வைத்தியம் இருக்கிறது, அதுவும் எல்லோருக்கும் பலிப்பதில்லை. வலி திரும்பினால் அந்த மாதமே வர வேண்டும், பொறுத்துக்கொள்ளக்கூடாது. பிள்ளை பிறக்காமலே போகலாம், அப்படிப் போனால் அது அவள் செய்த குற்றம் இல்லை. இந்தக் கடைசி வரியில்தான் அழுதேன் என்றாள்.

"ட்ரெய்னிங்குக்குப் பேர் குடுத்துட்டேன். புள்ளைக்கும் தள்ளிப்போட வேண்டாம். ரெண்டும் நடக்கறப்ப நடக்கட்டும். இனிமே என் பைல் என்கிட்ட இருக்கும்."

கடைசி ஊசிக்குப் பத்து வாரம் கழித்து மாதவிலக்கு திரும்பியது. அம்மா இப்போது ஊரிலிருந்து மாதம் ஒரு முறை பேக்கரிக்கு போன் செய்கிறாள். மஞ்சுளாவைத்தான் கூப்பிடச் சொல்வாள். முதல் கேள்வி, வலி இருந்ததா என்பது. வந்துவிட்டதா என்பதை இரண்டாவதாகத்தான் கேட்பாள். ஒவ்வொரு மாதமும் வந்துவிடுகிறது. தேதி தள்ளும்போது ஒரு நாள், இரண்டு நாள் நாங்கள் இருவரும் வீட்டில் மெதுவாக நடக்கிறோம். பிறகு அவள் குளியலறையிலிருந்து வந்து, தினசரிக் காலண்டர் தாளின் பின்னால் எழுதுகிறாள். இது ஏழாவது மாதம்.

இவ்வளவும் எழுதி முடித்து, நேற்று அவளிடம் படிக்கக் கொடுத்தேன். எட்டாவது வரை தமிழில் படித்தவள். விரலை வைத்து மெதுவாக, ஒரு வரி விடாமல் படித்தாள். கங்கம்மா கொண்டுவந்தது ராகிக் கஞ்சி இல்லை, கோதுமை என்றாள். கடைசிப் பக்கத்தை முடித்துவிட்டுத் தாளை மடியில் வைத்தாள்.

"இதையும் சேத்துக்கோங்க. இந்த மாசம் இடது பக்கம் லேசா வலி இருந்துச்சு. முந்தாநேத்து. நாளைக்கு ஆஸ்பத்திரி போலாம்."

பேனாவை எடுத்தேன். எழுதத் தொடங்கி நிறுத்தினேன்.

"மஞ்சு, லேசாங்கறது உனக்கா, எனக்கா?"

‘லேசாக’ என்று நான் எழுதியிருந்ததன்மேல் அவள் விரலை வைத்தாள்.

"அந்த வார்த்தையை அடிச்சுடுங்க" என்றாள்.

இந்த மாதம் இடது பக்கம் வலி இருந்தது.